மலையேறி நின்றதும் செல்ஃப் எடுக்காத ஜீப்: பழுதை அது இருக்கும்போதே பிடிப்பது

போடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப். காலையில் போடியில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு தாண்டி, தோட்டத்து மண்பாதையில் போய் ஆட்களை இறக்கிவிட்டு அணைக்கிறீர்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் அந்தச் சத்தமும் வருவதில்லை. முக்கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கிறது. பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரை (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மின்மோட்டார்) இரண்டு முறை கழற்றி வேலை பார்த்தாயிற்று. இப்போது டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. மழை நாளில் ஒன்றிரண்டு முறை செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்று கேள்வியின் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். டைனமோவுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அதைவிடப் பெரியது: வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகும்போதெல்லாம் ஒழுங்காக எடுக்கிற வண்டியில், பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டைனமோ. இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்றால் பேட்டரி இறங்கியிருக்கும். இறங்கிய பேட்டரி காலைக் குளிரில்தான் அதிகம் திணறும். உங்கள் வண்டி காலையில் ஒரே தடவையில் எடுக்கிறது. இரண்டு மணி நேரம் இன்ஜின் ஓடிய பிறகுதான் மக்கர் செய்கிறது. இரவில் எங்காவது கரண்ட் கசிந்தாலும் காலையில்தான் தெரிந்திருக்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் ஐந்து நிமிஷ வேலை: இன்ஜினைக் கொஞ்சம் ரெய்ஸ் செய்து, ஹெட்லைட் போட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் டைனமோவில் குறையில்லை. 13.2க்குக் கீழே நின்றால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் விவரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை அணைத்ததும் ஃபேன் நிற்கிறது, தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது. ஆனால் இரும்பில் ஏறிய சூடு எங்கும் போய்விடாது. பானெட்டுக்கு அடியில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அது மெல்லப் பரவுகிறது. அணைத்த கணத்தைவிடப் பத்து, இருபது நிமிஷம் கழித்துத்தான் செல்ஃப் மோட்டார் அதிகச் சூடாக இருக்கும். ஆள் நிறைய ஏற்றி, கீழ் கியரில் மெட்டு ஏறிய வண்டியில் இது இன்னும் கூடுதல். சைலன்சர் பைப் செல்ஃபுக்கு அருகில் போகும் வண்டியில் சொல்லவே வேண்டாம். செம்புக் கம்பி சூடானால் அதன் தடை கூடும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.4 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக. செல்ஃப் மேல் உட்கார்ந்து, சாவி திருப்பியதும் காந்தமாகி அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் பாகம் சோலினாய்டு. 20 டிகிரியில் இருந்த அதன் காயில் 80 டிகிரிக்குப் போனால் தடை கிட்டத்தட்ட 23 சதவீதம் ஏறிவிடும். அதனால் இழுக்கும் பலம் குறையும். எல்லா இணைப்பும் சுத்தமாக இருக்கும் வண்டியில் இந்தக் குறைவு வெளியே தெரியாது. ஏற்கெனவே எங்கோ ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் வீணாகிக் கொண்டிருக்கும் வண்டியில், குளிரில் மயிரிழையில் எடுத்தது சூட்டில் எடுக்காமல் போகும்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: பழுது பேட்டரி முனையிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் வரையிலான பாதையில், அல்லது சாவியிலிருந்து சோலினாய்டுக்குப் போகும் சின்ன வயர் பாதையில் இருக்கிறது. அதில் எந்த இடம் என்பதை இங்கே உட்கார்ந்து சொன்னால் அது ஊகம். என் ஊகத்தைக் கேட்டால் இன்ஜினை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இணைக்கும் எர்த் பட்டையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அடுத்து சாவி சுவிட்ச் வயர். மூன்றாவதாகத்தான் செல்ஃப் மோட்டாரின் உள்பக்கம். ஆனால் ஊகத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஒரு பேட்டரியும் இரண்டு செல்ஃப் வேலையும் அப்படித்தான் போயிருக்கின்றன.

வண்டி எடுக்காமல் நிற்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சோதனை நேரம். அதை நாம் எல்லோரும் ஒரே விதமாகப் பாழாக்குகிறோம்: சாவி திருப்பி எடுக்கவில்லை என்றதும் பானெட்டைத் திறந்து பேட்டரி கிளாம்பை ஆட்டுவது, செல்ஃப் மேல் ஜாக்கி ராடால் ஒரு தட்டு தட்டுவது. வண்டி எடுத்துவிடும், எதனால் எடுத்தது என்று தெரியாது, பழுது நாளைக்கு வரும். எடுக்காத நிலையில் முதலில் எதையும் அசைக்காதீர்கள். தொடாமல் அளந்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.

இதற்கு வண்டியில் நான்கு பொருள் கிடக்க வேண்டும். ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர். பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்று, அதில் இரண்டு வயரும் முதலைக் கிளிப்பும் பற்றவைத்தது. பேட்டரிக்குப் பேட்டரி கொடுக்கும் தடித்த ஜம்ப்பர் கேபிள் ஒரு ஜோடி. நல்ல கனத்தில் இரண்டு மீட்டர் தனி வயர். பல்பு எதற்கு என்றால், மீட்டர் கரண்டே இழுக்காது. நூறு இழையில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும். 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்த வயரில் பல்பு மங்கலாக எரிந்தாலே விஷயம் தெரிந்துவிடும். ‘மீட்டர் வச்சுப் பார்த்தேன், கரண்ட் வருது’ என்று சொல்லி எத்தனையோ நல்ல செல்ஃப் மோட்டார்களைக் கழற்றியிருக்கிறார்கள்.

அளப்பதற்கு முன்பு வண்டி சமமான இடத்தில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கல். ஆட்கள் எல்லோரும் கீழே இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். தோட்டப் பாதையில் இதற்கு விலக்கே கிடையாது. செல்ஃப் முனையில் நேரடியாகக் கரண்ட் கொடுக்கும்போது கியரில் இருந்தால் வண்டி ஆள் இல்லாமலே பாயும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். இடையில் அரை நிமிஷம் விடுங்கள். முதல் அளவு பேட்டரியின் இரண்டு முனைகளில். கிளாம்பில் வைக்கக் கூடாது. ஈய முனையின் நடு மண்டையில் வைக்க வேண்டும். இரண்டாவது, பேட்டரியின் மைனஸ் ஈய முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் வெறும் இரும்புக்கு. பெயின்டைச் சுரண்டி வையுங்கள். மூன்றாவது, பேட்டரியின் பிளஸ் ஈய முனையிலிருந்து சோலினாய்டில் தடித்த கேபிள் வந்து மாட்டும் போல்ட்டுக்கு. நான்காவது, சோலினாய்டில் சாவியிலிருந்து வரும் சின்ன வயர் முனையிலிருந்து செல்ஃப் இரும்புக்கு. அந்த வயரைக் கழற்றாமல், மாட்டியபடியே. நான்கையும் சாவி திருப்பிய நிலையில்தான் பார்க்க வேண்டும். கரண்ட் ஓட முயலும்போதுதான் குறை தெரியும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

இரண்டாவது அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைப்பாதை வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் அதுதான். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. பேட்டரி மைனஸ் சேஸிஸில் மாட்டியிருந்தால், செல்ஃப் இழுக்கும் கரண்ட் முழுவதும் சேஸிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஒற்றைப் பின்னல் பட்டை வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். கீழ் கியரில் பாறை ஏறும்போது இன்ஜின் மவுன்டிங்கில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒவ்வொரு தடவையும் பட்டை இழுபட்டு, லக் (முனையில் உள்ள உலோக வளையம்) பக்கத்தில் இழை இழையாக அறுகிறது. ஓடைத் தண்ணீரும் சேறும் பட்டு உள்ளே பச்சைக் களிம்பு பிடிக்கிறது. வெளியே பார்த்தால் பட்டை முழுசாகத்தான் தெரியும். டீசல் ஜீப்பின் செல்ஃப் 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 250 ஆம்பியரில் இரண்டரை வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட்டில் இரண்டரை போனால் சூடான சோலினாய்டுக்கு என்ன மிச்சம்?

இந்த அளவு 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.3 வரை பொறுக்கலாம். 0.5க்கு மேல் போனால் எர்த் பழுது உறுதி. ‘டக்’ சத்தத்தோடு நிற்கும் வண்டியில் 4, 5 வோல்ட்கூடக் காட்டும். காட்டினால் அசைக்காமல் அப்படியே ஜம்ப்பர் கேபிளின் ஒரு கவ்வியைப் பேட்டரி மைனஸிலும் மறு கவ்வியை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் போட்டுச் சாவி திருப்புங்கள். எடுத்துவிட்டால் விசாரணை முடிந்தது. இன்னோர் அடையாளமும் உண்டு: எர்த் பட்டை போன வண்டியில் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் லிங்க் என்று கிடைத்த இரும்பு வழியாகத் திரும்பும். இரண்டு மூன்று முறை சாவி திருப்பிய பிறகு ஆக்சிலேட்டர் கேபிளின் உலோக உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, உறையின் பிளாஸ்டிக் ஓரிடத்தில் உருகிச் சுருங்கியிருந்தாலோ, அது கேபிளின் குற்றமல்ல. ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி இறுகிப்போகிறது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பட்டையை மாற்றும்போது 35 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக் கேபிள் போடுங்கள். 50 இன்னும் நல்லது. லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டக் கூடாது, கிரிம்பிங் டூலில் அழுத்தி, வாயில் வெப்பத்தில் சுருங்கும் உறை போட வேண்டும். மாட்டும் இடத்தில் பெயின்டும் துருவும் போகும்வரை எமரி பேப்பர் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் முதலில், போல்ட் பிறகு என்று செய்யாதீர்கள். இன்ஜின் சாயும்போது இழுபடாத அளவுக்குக் கேபிளில் தளர்வு இருக்கட்டும். முடிந்தால் பேட்டரி மைனஸிலிருந்து செல்ஃப் மாட்டும் போல்ட்டுக்கே நேராக ஒன்று, பாடிக்குத் தனியாக ஒன்று என இரண்டு எர்த் கொடுத்துவிடுங்கள்.

மற்ற அளவுகளை இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. பேட்டரி முனையில் 12.2 வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நிற்கிறது, எர்த் அளவும் பிளஸ் அளவும் கிட்டத்தட்ட பூஜ்யம், சின்ன வயரில் 10.5க்கு மேல் வருகிறது, ஆனாலும் ‘டக்’ மட்டும்தான் என்றால், பழுது செல்ஃபுக்கு உள்ளே. இதில் சந்தேகம் இல்லை. எல்லாம் வாசல் வரை வந்துவிட்டது, உள்ளேதான் போகவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால் அது துளியும் மங்காது. பேட்டரி முனையில் அளவு 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் ஒன்று பேட்டரி, இல்லை செல்ஃப் உரசி அளவுக்கு மேல் இழுக்கிறது. வேறு ஜீப்பின் பேட்டரியைக் கொடுத்தும் அதேபோல விழுந்து கேபிள் சூடானால் செல்ஃப்தான். ஈய முனையில் 12.5 இருக்கிறது, அதே நேரம் கிளாம்பிலிருந்து கிளாம்புக்கு அளந்தால் 4தான் காட்டுகிறது என்றால், முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் தொடர்பில்லை. புதுப் பேட்டரி போட்ட வண்டியில் இது சர்வசாதாரணம். முனை மெல்லியது, கிளாம்ப் பழைய தடித்த முனைக்கு விரிந்தது. நட்டு இறுகியிருக்கும், கிளாம்ப் பிடித்திருக்காது. அளந்து முடித்த பிறகு கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் தகரத்தை மடித்துச் சொருகாமல் சரியான அளவுக் கிளாம்ப் வாங்கிப் போடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

சத்தமே வராத நாட்களுக்கு நான்காவது அளவுதான் பதில் சொல்லும். சோலினாய்டு உள்ளே இழுபடும் கணத்தில் 30, 40 ஆம்பியர் கேட்கும். பழைய வண்டிகளில் இது முழுவதும் டேஷ்போர்டில் உள்ள சாவி சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. சுவிட்சின் உள்ளே பித்தளை கருகியிருக்கும், நடுவில் ஒரு கப்ளர் இளகியிருக்கும். சாவி திருப்பிய நிலையில் சின்ன வயர் முனையில் 8 வோல்ட், அதற்கும் கீழே என்று வந்தால், உங்களிடம் உள்ள தனி வயரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸில் பிடித்து மறுமுனையை அந்தச் சின்ன முனையில் தொடுங்கள். பளிச்சென்று எடுத்தால் செல்ஃப் நல்லது, வயரிங்தான் குறை. சரிசெய்வது எளிது: 70 ஆம்பியர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) ஒன்றைப் பேட்டரிக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். சாவியிலிருந்து வந்த வயரை ரிலேயில் 86 என்று எண் போட்ட முனைக்கும், 85ஐ எர்த்துக்கும் கொடுங்கள். பேட்டரி பிளஸிலிருந்து 40 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30க்கு ஒரு வயர், 87லிருந்து சோலினாய்டுக்கு ஒரு வயர். இரண்டும் 4 சதுர மி.மீ. செம்பு. அப்புறம் சாவி சுவிட்ச் சுமப்பது ஓர் ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் எர்த் பழுதை வைத்துக்கொண்டு இந்த ரிலேயைப் போட்டால், கொஞ்ச நாள் எடுத்து, பழுதை மறைத்து, மழைக்காலத்தில் மறுபடி கைவிடும். ஆகவே எர்த் அளவைப் பார்த்த பிறகுதான் ரிலே.

செல்ஃபை மூன்றாவது முறை கழற்றும்படி ஆனால், ‘ஓவராயில் பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வேலை பார்ப்பவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: சோலினாய்டு டப்பாவைத் திறந்து உள்ளே உள்ள இரண்டு செம்பு போல்ட்டின் முகத்தையும் நடுவில் வந்து அடிக்கும் செம்பு வட்டையும் பார்த்தீர்களா? பெரும்பாலும் பிரஷும், தண்டைத் தாங்கும் புஷ்ஷும் மாற்றிவிட்டு இந்த டப்பாவைத் திறக்காமலே மூடிவிடுவார்கள். போல்ட் முகம் ஒரு பக்கம் குழிந்து கருகியிருந்தால் வட்டு வந்து அடிக்கும், ‘டக்’ கேட்கும், கரண்ட் தாண்டாது. போல்ட்டை அரைச்சுற்றுத் திருப்பி, வட்டைப் புரட்டிப் போட்டாலே இன்னும் பல மாதம் ஓடும். இரண்டாவது, பிரஷ் அதன் கூட்டில் தாராளமாக ஏறி இறங்குகிறதா, ஸ்பிரிங்கில் பலம் இருக்கிறதா. உங்கள் வண்டியில் சில நாள் ‘டக்’ வருகிறது, சில நாள் அதுவும் வரவில்லை என்பது பிரஷ் பழுதுக்கும் பொருந்தும். சோலினாய்டின் இழுக்கும் காயிலுக்கு எர்த்தே மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான் கிடைக்கிறது. பிரஷ் தொடவில்லை என்றால் இழுப்பும் இல்லை. மூன்றாவது, புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பாகம்) உள்சுவரில் உரசிய பளபளப்புத் தடம் இருக்கிறதா. இருந்தால் சூட்டில் விரிந்து இன்னும் அதிகம் உரசும்.

‘டக்’ இல்லாமல் ‘விர்ர்’ என்று வெறுமனே சுற்றும் சத்தம் என்றாவது வந்தால் அது வேறு கதை. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் ஃப்ளைவீலின் எதிரெதிரான இரண்டு இடங்களிலேயே நிற்கும். வருஷக்கணக்கில், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் அந்த இரண்டு இடத்துப் பல் மட்டும் தேயும். டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு சாண் தள்ளிவிட்டு, நியூட்ரலுக்கு வந்து சாவி திருப்பினால் எடுக்கும். அப்படி எடுத்தால் ரிங் கியரைப் பாருங்கள், செல்ஃபைத் தொடாதீர்கள்.

இனி மழை நாள் விஷயம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காதது முற்றிலும் தனிப் பழுது. மேலே சொன்னதோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் இரண்டுமே கிடைக்காது. சுற்றும்போது ஒருவர் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: சுற்று வேகம் போதவில்லை, அல்லது ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினாக இருந்தால் அது வேலை செய்யவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. சேறும் மழையும் என்றால் முதலில் இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். உறைக்குள் தண்ணீரும் மண்ணும் புகுந்து, நாப் உள்ளே போயிருந்தாலும் பம்பில் உள்ள கை பாதியில் நின்றிருக்கும். கையால் அதைத் திருப்பிவிட்டு எடுத்தால் கேபிளை மாற்றினால் போதும். சாவியிலேயே அணையும் வண்டி என்றால், சாவி போட்டதும் பம்ப் மேல் உள்ள சோலினாய்டில் சின்னதாக ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் 21 வாட் பல்பை அந்த வயரில் வைத்துப் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்று யோசியுங்கள். மேட்டைப் பார்த்து மூக்குத் தூக்கி நின்றால் டேங்க் தாழ்ந்துவிடும். பைப்பில் எங்காவது மயிரிழை ஓட்டை இருந்தால் டீசல் பின்னால் இறங்கி ஏர் ஏறிவிடும். ஓட்டை இருக்கும் இடத்தில் டீசல் சொட்ட வேண்டும் என்பதில்லை. உறிஞ்சும் பக்கத்தில் அது காற்றை உள்ளே இழுக்குமே தவிர வெளியே கசியாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு ஓட விட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வெடித்த ரப்பர் ஹோஸ், திரும்பத் திரும்பப் போட்ட செம்பு வாஷர், கையால் அடித்து டீசல் ஏற்றும் பிரைமர் பம்பின் தலை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஃபில்டர் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் புதுமாதிரி காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் வண்டியில் சூட்டில் செல்ஃப் சுற்றியும் பிடிக்காமல், ஆறியதும் எடுத்தால், இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசைகிறதா என்று பாருங்கள்; அசையவே இல்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. உறுதி செய்ய ஸ்கேனர் வேண்டும். சாவி விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அது இம்மொபிலைசர், அதாவது வேறு சாவியில் எடுக்க விடாத திருட்டுத் தடுப்பு.

உருட்டி ஸ்டார்ட் செய்வதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் நிறுத்தி வைத்து, எடுக்காவிட்டால் உருட்டிக்கொள்ளலாம் என்பது நம் பக்கம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பூஸ்டர் உள்ள பிரேக்கில் இன்ஜின் ஓடாதபோது ஒன்றிரண்டு மிதிக்கு மேல் பலம் இருக்காது. பிறகு மிதி கல்லாக இறுகிவிடும். மெட்டுப் பாதையில், அதுவும் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்யவே செய்யாதீர்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் கையை நம்பித்தான் ஏறுகிறார்கள். பழுது பிடிபடும்வரை சமமான இடத்தில் நிறுத்துங்கள். தேவைப்பட்டால் தோட்டத்தில் இருக்கும் அந்தச் சில நிமிஷம் இன்ஜினை அணைக்காமலே, ஆள் பக்கத்திலேயே இருந்து, ஓட விடுங்கள்.

ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்: அணைத்து எத்தனை நிமிஷம், சத்தம் வந்ததா, ஹெட்லைட் மங்கியதா, மழையா வெயிலா, மூக்கு மேட்டிலா பள்ளத்திலா, நான்கு அளவும் எத்தனை. மூன்று தடவை எழுதினாலே பழுது தன் இடத்தைக் காட்டிவிடும். சரிசெய்த பிறகு வொர்க்‌ஷாப் வாசலில் எடுத்ததை நம்பிவிடாதீர்கள். அங்கே அது என்றுமே எடுத்திருக்கிறது. வழக்கமான ஆட்களோடு மெட்டு ஏறி, அதே தோட்டத்தில் அணைத்து, சரியாகப் பதினைந்து நிமிஷம் விட்டு, செல்ஃப் சுற்றும்போது எர்த் அளவை மறுபடி எடுங்கள். 0.2க்குள் வந்தால், மூன்று நாள் தொடர்ந்து வந்தால், ஜம்ப்பர் கேபிளைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிடலாம்.